அரபிக்கடலில் தெரிந்த வெள்ளைப் பட்டை: சூரிய மினுக்கம் என்றால் என்ன?

போன ஏப்ரலில், மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. செயற்கைக்கோள் எடுத்த அரபிக்கடல். மும்பைக்கு மேற்கே, வடக்குத் தெற்காக, சாம்பலும் வெள்ளியும் கலந்த ஒரு பட்டை நீண்டு கிடந்தது. அகலம் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். கூடவே ஒரு வரி: "கடலில் பெரிய எண்ணெய்க் கசிவு. யாரும் மீன் வாங்காதீர்கள்."

மூன்றாவது மாடி அக்கா உடனே கதவைத் தட்டிவிட்டார். "தம்பி, இது நெசமா? நேத்துதான் சுர்மை மீன் வாங்கிட்டு வந்தேன், பிள்ளைங்க சாப்பிட்டாச்சே."

அவர் பயத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்எஸ்சி சித்ரா, கலிஜியா-3 என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கரையில் ஜனங்கள் வாளியால் எண்ணெய் அள்ளிய காட்சியை ஊரில் இருக்கும் சொந்தங்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருந்தது எண்ணெய் இல்லை. குழுவில் வேறு இரண்டு விளக்கங்களும் வந்தன. "கேமரா பழுதாகியிருக்கும்" என்றார் ஒருவர். "வெயிலில் சாட்டிலைட்டுக்குக் கண் கூசியிருக்கும்" என்றார் இன்னொருவர். இரண்டாமவர் ஓரளவு பக்கத்தில் வந்துவிட்டார். ஆனாலும் 'கண் கூசுவது' என்று நிறுத்திக்கொண்டால், அந்தப் பட்டை ஏன் அங்கே விழுந்தது, நாளைக்கு எங்கே விழும் என்பதெல்லாம் விளங்காது.

இதை அறிவியலாளர்கள் சன் கிளின்ட் என்கிறார்கள். தமிழில் சூரிய மினுக்கம் என்று சொல்லலாம். இனி அப்படியே எழுதுகிறேன். கடல் நீரின் மேற்பரப்பில் சூரிய ஒளி கண்ணாடியில் படுவதுபோல் பட்டுத் திரும்பி, பார்ப்பவரின் கண்ணுக்கோ கருவிக்கோ நேராக வந்து சேர்வதுதான் அது.

ஜூஹூ கரையில் வரும் பொன் பாதை

மாலையில் ஜூஹூ கடற்கரையில் நின்றிருப்பீர்கள். சூரியன் இறங்கும் நேரம், அடிவானத்திலிருந்து நம் காலடி வரைக்கும் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு பாதை தண்ணீரில் கிடக்கும். வெர்சோவா பக்கமாக நடந்தால் அதுவும் கூடவே நடக்கும். அதே நேரத்தில் பாந்திரா பேண்ட்ஸ்டாண்டில் நிற்கும் நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டால், "பாதை என் காலடிக்குத்தான்டா வருது" என்பார். உங்களுக்குத் தெரியும் இடத்தில் அவருக்குச் சாதாரணக் கடல்தான் தெரியும்.

இந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று யோசித்தால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி. பொன் பாதை கடலின்மேல் ஒட்டியிருக்கும் பொருளாக இருந்தால், ஆளுக்கு ஆள் இடம் மாறாது. படகோ பாறையோ அப்படி மாறுவதில்லையே. சூரியன் ஒரு பக்கம், பார்ப்பவர் ஒரு பக்கம், நடுவே தண்ணீர். இந்த மூன்றும் சரியான கோணத்தில் அமையும் இடம் எதுவோ, அது அந்த ஆளுக்கு மின்னும். ஆள் நகர்ந்தால் இடமும் நகரும்.

செயற்கைக்கோளும் ஓர் ஆள்தான், 700 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பார்க்கும் ஆள். அதற்கென்று ஒரு பொன் பாதை உண்டு. எங்கள் குழுவுக்கு வந்த வெள்ளிப் பட்டை அதுதான்.

தட்டும் எதிர்வீட்டுச் சுவரும்

கோணம் என்றேனே, அது என்ன கோணம்? வீட்டில் இருக்கும் ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வெயில் படும் ஜன்னலுக்கு வாருங்கள். தட்டில் வெயிலை வாங்கி எதிர்க்கட்டடச் சுவரில் அடியுங்கள். சின்ன வயதில் எல்லோரும் செய்த விளையாட்டு. ஒளி எந்தச் சாய்வில் வந்து தட்டில் விழுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் கிளம்பிப் போகும். பள்ளிக்கூடத்தில் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்தது இதைத்தான். வழவழப்பான பரப்பில் ஒளி இப்படி ஒரே திசையில் ஒழுங்காகத் திரும்புவதற்கு ஒழுங்கான எதிரொளிப்பு என்று பெயர். சுண்ணாம்புச் சுவரில் பட்ட ஒளி இப்படிப் போகாது; எல்லாத் திசையிலும் சிதறும். அதனால்தான் சுவரை எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிகிறது, தட்டு மட்டும் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டைக் கொஞ்சம்தான் அசைத்திருப்பீர்கள். சுவரில் இருக்கும் வெளிச்சம் இரண்டு மாடி தாண்டி ஓடிவிடும். கண்ணாடி 10° சாய்ந்தால் அதில் திரும்பும் ஒளி 20° விலகிப் போகும். எப்போதும் இரு மடங்கு. கடலுக்குப் போகும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

கசங்கிய கண்ணாடி

காற்றே இல்லாத, அலையே இல்லாத ஒரு கடலை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே பெரிய கண்ணாடி. சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது. எனவே 720 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு, அந்தக் கண்ணாடிக் கடலில் சூரியனின் பிம்பம் ஆறு கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சின்னப் பொட்டாகத் தெரியும். கண்ணைக் குத்தும் பிரகாசம். ஆனால் சின்னப் பொட்டு.

அப்படியிருக்க, படத்தில் சில நூறு கிலோமீட்டர் அகலப் பட்டை எப்படி வந்தது? காற்று.

உணவு சுற்றும் அலுமினியத் தாளை ஒருமுறை கசக்கிவிட்டு விரித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். சுவரில் ஒரு பொட்டு விழாது. நூறு துண்டுப் பொட்டுகள் அங்குமிங்கும் சிதறும். ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனிச் சின்னக் கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு. காற்று வீசும் கடலும் இப்படித்தான். பெரிய அலைகளின் முதுகில் ஏறி நிற்கும் விரலளவுச் சிற்றலைகள்தான் இதில் முக்கியம். கோடிக்கணக்கான சின்னக் கண்ணாடிகள் எல்லாத் திசையிலும் சாய்ந்து கிடக்கின்றன. செயற்கைக்கோளுக்கு நேரே கண்ணாடி வாட்டத்தில் அமையாத தொலைவான இடத்திலும், 'சரியாக' சாய்ந்த சில சிற்றலைகள் இருந்துவிடும். அவை ஒளியை அதன் பக்கம் அனுப்பிவிடும். பொட்டு விரிந்து பட்டையாகிறது.

இதை முறையாக அளந்து காட்டியவர்கள் சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்கள். ஹவாய்த் தீவுகளுக்குப் பக்கத்தில் விமானத்தில் பறந்து, கடலில் மின்னும் வெளிச்சத்தைப் படம் பிடித்தார்கள். எந்த இடம் எவ்வளவு மின்னுகிறது என்று பார்த்து, அங்கே எத்தனை சிற்றலைகள் எந்தச் சாய்வில் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 1954-இல் வெளிவந்த அந்த முடிவு எளிமையானது: காற்றின் வேகம் கூடக்கூட, அலைச்சாய்வின் பரவலும் சீராகக் கூடுகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதமான காற்று அடித்தால், சிற்றலைகளின் சாய்வு சராசரியாக 10° அளவில் இருக்கும். தட்டுக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 10° சாய்வுக்கு 20° விலகல். 720 கிலோமீட்டர் உயரத்தில் 20° என்பது தரையில் 260 கிலோமீட்டர். பட்டையின் அகலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். எழுபது வருடம் கழித்தும் செயற்கைக்கோள்களின் கணக்கில் காக்ஸ்-மங்க் சூத்திரம்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. விமானத்தில் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு கடலின் முகத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அமைதியான கடல்தான் அதிகம் மின்னும் என்று நினைப்போம். பட்டையின் நடுவில் அது உண்மை. காற்று அதிகமானால் நடுப்பகுதி மங்கும், ஆனால் ஓரங்கள் வெளுக்கும். இருக்கும் வெளிச்சம் அகலமாகப் பங்கிடப்படுகிறது, அவ்வளவுதான். அமைதியான நீரோ நடுவில் கூர்மையாக மின்னி, ஓரத்தில் கறுத்துப்போகும். இந்த வேறுபாட்டை எண்ணெய்ப் பேச்சு வரும்போது மறுபடி எடுப்போம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மினுக்கம் விழும் இடத்தைத் தீர்மானிப்பது சூரியன், நீர், செயற்கைக்கோள் மூன்றுக்கும் இடையிலான கோணம். அந்த இடம் எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது காற்று.

ரயில் ஜன்னலில் தெரியும் முகம்

மின்னினால் மின்னிவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெட்டுவிட்டது? விளக்கு வைத்த பிறகு லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். வெளியே இருக்கும் ஊர் தெரியாது. உங்கள் முகமும் எதிர்வரிசை ஆட்களும்தான் தெரிவார்கள். ஊர் வெளியே இருக்கத்தான் செய்கிறது. அங்கிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தை, கண்ணாடியில் படும் உள்விளக்கின் வெளிச்சம் அமுக்கிவிடுகிறது. இரண்டு கையையும் கண்ணோரம் குவித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் ஊர் தெரியும்.

கடலிலிருந்து மேலே வரும் வெளிச்சமும் இரண்டு வகை. ஒன்று, மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பியது. இன்னொன்று, நீருக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் துகள்களிலும் நுண்ணுயிர்களிலும் பட்டு, பாதி நிறத்தை இழந்து, மறுபடி மேலே வந்தது. கடலைப் பற்றிய செய்தி இரண்டாவதில்தான் இருக்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரங்களில் பச்சையம், அதாவது குளோரோபில், இருக்கிறது. அது நீல ஒளியை விழுங்கிவிடும். ஆகவே, உள்ளிருந்து வரும் ஒளியில் நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே எவ்வளவு மிதவைத் தாவரம் இருக்கிறது என்று சொல்லலாம். அந்தத் தாவரம் இருக்கும் இடத்தைத் தேடி சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடலின் குளோரோபில் அளவையும் வெப்பநிலையையும் செயற்கைக்கோளிலிருந்து எடுத்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. சசூன் டாக் படகுக்காரருக்கும் ராமேசுவரத்துப் படகுக்காரருக்கும் டீசல் செலவை மிச்சப்படுத்தும் தகவல் அது.

ஆனால் அந்த உள்ளொளி மிகவும் சின்னது. கடலுக்கு மேலே செயற்கைக்கோள் வாங்கும் மொத்த ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு, நடுவில் இருக்கும் காற்றும் தூசும் சிதறடித்தது. மிச்சம் இருக்கும் ஒரு பங்கைத்தான் கடலிலிருந்து வந்ததாக எடுத்துப் பிரித்துப் படிக்கிறார்கள். இந்த நிலைமையில் சூரியனே கண்ணாடியில் வந்து நின்றால் என்ன ஆகும்? நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கடல் மேற்பரப்பு திருப்பி அனுப்புவது சுமார் 2% மட்டும்தான். இரண்டே சதவீதமா என்று தோன்றும். ஆனால் அது சூரியனின் இரண்டு சதவீதம். உள்ளொளி அதன் முன் நிற்காது. மினுக்கம் பலமாக விழுந்த இடத்தில் கருவியின் அளவுமானி அதன் உச்சத்தையே தொட்டுவிடும். அதற்குமேல் எத்தனை வந்தாலும் ஒரே எண்தான் பதிவாகும். குளோரோபில் வரைபடத்தில் அந்த இடம் வெற்றிடமாகப் போகும்.

கருவிக்கு இதனால் காயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமரா பழுதாகியிருக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னாரே, அது சரியில்லை. அடுத்த சில நொடிகளில் செயற்கைக்கோள் நகர்ந்து, நிலத்தையோ கோணம் விலகிய கடலையோ பார்க்கும்போது எண்கள் பழையபடி சரியாகவே வரும்.

பாதிப்பு நிறத்தோடு நிற்பதில்லை. காட்டுத்தீயைக் கண்டுபிடிக்க செயற்கைக்கோள்கள் ஒருவகை அகச்சிவப்பு ஒளியை, கண்ணுக்குத் தெரியாத வெப்பம் சார்ந்த ஒளியை, பயன்படுத்துகின்றன. ஏரியிலோ கடலோரத்திலோ பட்ட வெயில் அந்த ஒளியிலும் பளிச்சென்று வரும். கவனிக்காமல் விட்டால், தண்ணீரில் தீப்பிடித்ததாகக் கணினி சொல்லும். ஆகவே மினுக்கக் கோணத்துக்குள் வரும் இடங்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதே ஒளிவகை கடல் வெப்பநிலையை அளக்க இரவில் நன்றாக உதவும். பகலில் மட்டும் அதை ஓரம்கட்டிவிட்டு, வெயில் குறைவாகக் கலக்கும் வேறு நீண்ட அலைகளை நம்புகிறார்கள்.

நண்பகலில் மேலே நிற்பவர்

கடலின் நிறத்தை எப்போது பார்க்க வேண்டும்? வெயில் நன்றாக உள்ளே இறங்கும் உச்சிவேளையில். ஆனால் வெப்ப நாடுகளில் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலே. செயற்கைக்கோளும் தலைக்கு மேலே. தட்டைத் தரையில் வைத்து, சூரியனுக்கு நேரே குனிந்து பார்த்த மாதிரி. மும்பையில் மே மாதத்தின் நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் நண்பகலில் நிழலே காலடியில் ஒடுங்கிவிடும் நாள்கள் உண்டு. ஜூலையில் மழை மேகம் எப்படியும் மறைத்துவிடும். மே மாதம்தான் சங்கடம்: வானம் தெளிவு, ஜூன் 1-ஆம் தேதி மேற்குக் கரையில் மீன்பிடித் தடை தொடங்குவதற்கு முந்திய கடைசி வாரங்கள், தகவலுக்குத் தேவை அதிகம், மினுக்கமும் அதிகம்.

இஸ்ரோவின் ஓஷன்சாட் வரிசை இந்தச் சிக்கலுக்கு நேரடியாகப் பதில் சொன்ன வடிவமைப்பு. 1999 மே மாதம் முதலாவது, 2009-இல் இரண்டாவது, 2022 நவம்பரில் மூன்றாவது என்று ஏவப்பட்டன. கடல் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நண்பகல் வாக்கில் நம்மைக் கடக்கும் பாதை அவற்றுக்கு. மினுக்கத்தைத் தவிர்க்க, அவற்றில் இருக்கும் ஓசிஎம் என்ற கடல் நிறமானி, நேர் கீழே பார்க்காமல் 20° முன்னாலோ பின்னாலோ சாய்ந்து பார்க்கும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் காட்டாமல், முதுகைக் காட்டி நின்று கடலைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் பருவத்துக்குப் பருவம் வடக்கும் தெற்கும் போவதால், சாய்வும் அதற்குத் தக்கபடி மாறும்.

இந்தச் சாய்வு உத்தி நமக்கு மட்டுமானது அல்ல. 1978-இல் நாசா அனுப்பிய முதல் கடல் நிறமானியிலிருந்து 2024 பிப்ரவரியில் ஏவிய பேஸ் வரை பலவற்றில் 20° சாய்வு இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-3 காலையில் கடக்கிறது. அந்நேரம் சூரியன் கிழக்கே இருப்பதால், அதன் கேமராக்களை நிரந்தரமாக 12.6° மேற்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். நாசாவின் டெர்ரா, அக்வா இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவி சாயாது. நிலம், கடல், மேகம் எல்லாவற்றையும் ஒன்றே பார்க்க வேண்டும் என்று செய்யப்பட்டது அது. அதனால் அதன் கடல் படங்களில் வெள்ளிப் பட்டை அடிக்கடி வரும். எங்கள் குழுவுக்கு வந்ததும் மோடிஸ் படம்தான்.

வானிலைச் செய்தியில் காட்டும் இன்சாட் படங்களிலும் இது உண்டு. அந்தச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று பார்ப்பவை. அரை மணிக்கொரு படமாக ஓடவிட்டால், காலையில் இந்தோனேசியப் பக்கம் ஒரு மங்கலான வெள்ளைத் திட்டு தோன்றி, நண்பகலில் இந்தியப் பெருங்கடலின் நடுவுக்கு வந்து, மாலையில் ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் போய் மறையும். மேகம் என்று நினைத்துவிடத் தோன்றும். மேகம் காற்றோடு போகும், இது சூரியனோடு போகிறது.

சாய்ந்தும் தப்பாமல் கொஞ்சம் மினுக்கம் கலந்துவிட்டால் கழித்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி இருக்கும் அகச்சிவப்பில் தெளிந்த ஆழ்கடல் நீர் கறுப்பு. உள்ளே இறங்கிய ஒளி முழுவதையும் நீர் விழுங்கிவிடும். அங்கே வெளிச்சம் தெரிந்தால் அது காற்றிலிருந்தோ மேற்பரப்பிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதை அளந்து மற்ற நிறங்களிலிருந்து கழிக்கலாம். ஆழ்கடலில் இது நன்றாக நடக்கும். மும்பையை ஒட்டிய தானே கழிமுகம் மாதிரி சேறு கலங்கிய கரையோர நீரில் சேறே அகச்சிவப்பில் ஒளிர்வதால், எது சேறு, எது மினுக்கம் என்று பிரிப்பது கடினம்.

சுருக்கிச் சொன்னால், மினுக்கத்துக்கு மூன்று வைத்தியம்: கோணத்தைவிட்டு விலகிப் பார்ப்பது, கொஞ்சமாக இருந்தால் கழிப்பது, அதிகமாக இருந்தால் அந்த இடத்தை ஒதுக்குவது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதன் கதை மும்பைத் துறைமுகத்தில் வந்து முடிகிறது.

நார்குண்டா கப்பலில் ஒரு தமிழர்

1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த எஸ்.எஸ். நார்குண்டா கப்பலின் மேல்தளத்தில், திருச்சியில் பிறந்த ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்திரசேகர வெங்கட ராமன். கடலின் ஆழ்ந்த நீலம், வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார், உலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ராமனுக்குச் சந்தேகம். கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது.

அது என்ன செய்யும்? ஒளி ஓர் அலை. சாதாரண வெளிச்சத்தில் அது எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வரும். தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் பங்கு மட்டும் திரும்பி வரும். இப்படி ஒரே தளத்தில் அதிர்வு அடங்கிப்போவதைத் தளவிளைவு என்பார்கள். செங்குத்திலிருந்து சுமார் 53° சாய்வில் பார்த்தால், திரும்பி வரும் ஒளி முழுவதும் கிடைமட்ட அதிர்வுதான். நிக்கோல் பட்டகத்தை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் அந்த ஒளி அப்படியே அணைந்துபோகும். ரயில் ஜன்னலில் கையைக் குவித்தோமே, அதே வேலை.

ராமன் அப்படி மேற்பரப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்புதான் கடலின் நீலம் என்றால், அது போனதும் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் அழுத்தமான நீலம் தெரிந்தது. நீருக்குள் இறங்கிய ஒளியை நீரே சிதறடித்து அனுப்பும் நீலம் அது. கப்பல் மும்பைக்கு வந்ததும், 'பம்பாய்த் துறைமுகம், செப்டம்பர் 26' என்று குறித்து நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். ஒளி சிதறல் மீது அன்று பற்றிய ஆர்வம்தான் 1928-இல் ராமன் விளைவாகி, 1930-இல் நோபல் பரிசானது. துறைமுகத்தை ஒட்டிய பாலார்ட் எஸ்டேட் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடிதம் எனக்கு நினைவுக்கு வரும்.

அன்று ஒரு பட்டகத்தை வைத்து அவர் பிரித்தது எதுவோ, அதைத்தான் இன்றைய கடல் நிறமானிகளும் பிரிக்கப் போராடுகின்றன: மேற்பரப்பின் ஒளி வேறு, உள்ளொளி வேறு. பேஸ் செயற்கைக்கோளில் தளவிளைவை அளக்கும் கருவிகளே தனியாக இரண்டு இருக்கின்றன.

நீங்களும் பார்க்கலாம். போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்று கிடைத்தால், மார்ச் மாதம் மாலை நான்கு மணி வாக்கில் கடற்கரைக்குப் போங்கள். சூரியன் அப்போது அடிவானத்துக்கு மேல் 37° உயரத்தில் இருக்கும், 53° சாய்வு தானாக அமையும். கண்ணாடியைக் கையில் பிடித்து, மினுங்கும் தண்ணீரை அதன் வழியே பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். ஒரு வாட்டத்தில் மினுக்கம் மங்கி, நீரின் நிறம் தெரியும். மறையும் சூரியனில் இது இவ்வளவு நன்றாக வராது, கோணம் சரியில்லை. சூரியனை நேராக மட்டும் பார்க்கக் கூடாது.

தொல்லை துப்பு தரும்போது

இவ்வளவு நேரம் மினுக்கத்தைத் தொல்லையாகவே பேசினேன். கடலின் உள்ளே பார்க்க விரும்புகிறவருக்கு அது தொல்லை. கடலின் தோலைப் பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது.

எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடும், நீர் வழவழப்பாகிவிடும். மினுக்கத்தின் நடுவில் வழவழப்பான நீர் அதிகம் மின்னும், ஓரத்தில் கறுக்கும் என்று பார்த்தோம். எனவே அதே எண்ணெய் நடுப்பகுதியில் சுற்றியுள்ள கடலைவிட வெளுப்பாகவும், ஓரத்தில் கறுப்பாகவும் தெரியும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, மோடிஸ் படங்களில் எண்ணெய் வெள்ளி நிறச் சுழலாகத் தெரிந்தது மினுக்கத்தின் உதவியால்தான். மினுக்கம் இல்லாத கோணத்தில் அதே எண்ணெய் பல சமயம் கண்ணுக்கே அகப்படாது.

அந்தமான் கடலில் இன்னோர் அதிசயம். மேலே கடல் அமைதியாக இருக்கும்போதே, வெதுவெதுப்பான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் நடுவில் பல பத்து மீட்டர் உயர அலைகள் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். இவற்றுக்கு உள்ளலைகள் என்று பெயர். படகில் இருப்பவருக்கு மேலே ஏறி இறங்குவதே தெரியாது. ஆனால் அவை மேற்பரப்பின் சிற்றலைகளை ஓரிடத்தில் நெருக்கி ஓரிடத்தில் தளர்த்திவிடுவதால், மினுக்கத்தில் கீழே ஓடும் அலை முழுவதும் கோடு கோடாக வெளிப்பட்டுவிடும். விண்வெளியிலிருந்து எடுத்த அந்தப் படங்களில் வளைந்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கிலோமீட்டர் இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும்.

2009 ஜூலையில் காசினி விண்கலம், சனிக்கோளின் நிலவான டைட்டனின் வடபகுதியில் ஒரு பளிச்சொளியைப் பதிவுசெய்தது. வழவழப்பான பரப்பில் பட்ட சூரியன். அங்கே தண்ணீர் இல்லை. மீத்தேனும் ஈத்தேனும் திரவமாக நிற்கும் ஏரி. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஏரியில் திரவம் இருக்கிறது என்பதற்கு, ஜூஹூவில் நாம் பார்க்கும் அதே பொன் பொட்டு சாட்சியானது.

அந்தப் படத்துக்குத் திரும்பினால்

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அந்த நாளின் படத்தைத் திறந்தேன். யாரும் இலவசமாகப் பார்க்கலாம், தேதியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பட்டை அங்கே இருந்தது. அடுத்த நாளுக்கு நகர்த்தினேன். பட்டை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஓமன் பக்கம் போயிருந்தது. மும்பைக் கடல் பழையபடி கருநீலம். அந்தப் படத்தை எடுத்த டெர்ராவின் பாதை நாளுக்கு நாள் அவ்வளவு தள்ளிப் போகிறது, மினுக்கமும் அதன் கூடவே போகிறது. பிறகு அதே நாளில் பிற்பகலில் கடக்கும் அக்வாவின் படத்தைத் திறந்தேன். காலையில் சூரியன் கிழக்கே இருந்ததால் டெர்ராவின் பட்டை அதன் பாதைக்குக் கிழக்கே விழுந்திருந்தது. அக்வாவுக்குச் சூரியன் மேற்கே; பட்டையும் பாதைக்கு மேற்கே.

அக்கா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எண்ணெய்னா ஒரே நாள்ல ஓமனுக்குப் போவுமா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். நிஜமான எண்ணெய் இப்படி இருக்காது என்றேன்: ஓரங்கள் கிழிந்த துணிபோல் இருக்கும், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் மெல்ல வளையும், மறுநாளும் பக்கத்திலேயே கிடக்கும். சந்தேகம் மிஞ்சினால் ரேடார் செயற்கைக்கோளின் படத்தைப் பார்க்க வேண்டும். அது தன் அலையைத் தானே அனுப்பிப் பார்ப்பதால் அதற்கு வெயில் தேவையில்லை, ஆகவே சூரிய மினுக்கமும் கிடையாது. எண்ணெய் படிந்த நீர் அதில் கறுத்துத் தெரியும்.

இரண்டு நாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அம்புக்குறி போட்டு, அக்காவே குழுவில் போட்டார். கீழே அவர் எழுதியது: "இது எண்ணெய் இல்ல. சாட்டிலைட்டுக்குத் தெரியற பொன் பாதை. நேத்து இங்க, இன்னைக்கு அங்க. தேதி மாத்திப் பாருங்க."